1,400 கிலோ வண்டியோடு ஆட்டோகிராஸுக்கு இறங்கலாமா?

கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் இருப்பது ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ், 1.8 டர்போ பெட்ரோல். ரீமேப் செய்து (எஞ்சின் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றி), டர்போ தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் பெரிய இன்டர்கூலரும் சைலன்சரும் மாட்டியிருக்கிறார். ஸ்பிரிங்கை வெட்டி வண்டியைத் தாழ்த்தியிருக்கிறார். 17 அங்குல அலாய், டிக்கியில் சப்வூஃபர் பெட்டி. கோவைப் பக்கம் நடக்கும் ஆட்டோகிராஸில், அதாவது கோன்கள் வைத்துப் போட்ட வளைந்த பாதையை ஓட்டி நேரம் பார்க்கும் போட்டியில், கலந்துகொள்ள ஆசை. ஆனால் ஸ்விஃப்ட், ஜிப்ஸி ஓட்டும் நண்பர்கள், "இந்த யானையை வைத்துக்கொண்டு கோன் சுற்ற முடியாது" என்கிறார்களாம். அவர் கேட்பது மூன்று: போகலாமா, அடுத்த செலவாகப் பெரிய டர்போ போடலாமா, விடியற்காலையில் மேட்டுப்பாளையம் சாலையில் பயிற்சி எடுக்கலாமா.

போகலாம் தம்பி, தாராளமாகப் போங்கள். டர்போ இப்போது வேண்டாம். சாலையில் பயிற்சி எப்போதுமே வேண்டாம். காரணங்களைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மலையில் இருந்துகொண்டு இந்த விளையாட்டுக்குப் போகிறவர்களுக்கென்று சில விஷயங்கள் இருக்கின்றன. கோவைக்காரர்களுக்கு அவை தோன்றாது.

சாலையில் இருந்தே தொடங்குகிறேன். மோட்டார் வாகனச் சட்டம் 189-வது பிரிவின்படி, அரசின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் பொதுச் சாலையில் பந்தயமோ வேகச் சோதனையோ நடத்துவது குற்றம். 2019 திருத்தத்துக்குப் பிறகு முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அதைவிட எனக்கு முக்கியம், அந்த நேரத்தில் அந்தச் சாலையில் யார் இருப்பார்கள் என்பது. பனிமூட்டத்தில் காட்டெருமை நிற்கும். காய்கறி ஏற்றிய லாரி இறங்கும். முதல் பேருந்து கொண்டை ஊசி வளைவில் முழுச் சாலையையும் எடுத்துத்தான் திரும்பும், அதற்கு வேறு வழி கிடையாது. தோட்டத்துக்கு நடந்து போகிற பெண்கள் ஓரத்தில் இருப்பார்கள். அந்தச் சாலை அவர்களுக்காகப் போட்டது.

இன்னொன்று, மலைச்சாலையில் கிடைக்கும் பழக்கம் ஆட்டோகிராஸுக்குப் பெரிதாக உதவாது. மலைச்சாலையில் ஒரு வளைவு முடிந்து அடுத்தது வருவதற்குள் வண்டி நிதானப்பட நேரம் கிடைக்கிறது. ஆட்டோகிராஸில் கிடைக்காது. கோன்கள் 15 மீட்டர் இடைவெளியில் நின்றால், 50 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு கோனுக்கும் அடுத்ததற்கும் ஒரு விநாடிக்குச் சற்று அதிகம்தான். இடம், வலம், இடம் என்று வண்டியின் எடை மாறி மாறிச் சாயும். கனமான வண்டி சிரமப்படுவது அங்கேதான்.

இனி எடைக்கு வருவோம். ஓட்டுநரையும் சேர்த்தால் உங்கள் வண்டி ஏறக்குறைய 1,400 கிலோ. நண்பரின் ஸ்விஃப்ட் ஆளோடு சேர்த்து 1,050 என்று வைத்துக்கொள்வோம். 60 கிலோமீட்டர் வேகத்தில் உங்கள் வண்டியின் இயக்க ஆற்றல் சுமார் 194 கிலோஜூல், அவருடையது 146. நிறுத்தும்போது இந்த ஆற்றல் முழுவதும் பிரேக்கில் சூடாக மாறுகிறது, அதாவது மூன்றில் ஒரு பங்கு கூடுதல் சூடு. வளைவிலும் கணக்கு உண்டு. 0.8 ஜி பக்கவிசையில் (அதாவது வண்டி எடையில் பத்தில் எட்டு பங்கு விசை பக்கவாட்டில் இருக்கும்போது), இடது வலது சக்கரங்களுக்கு இடையே 1.5 மீட்டர் அகலமும் 55 சென்டிமீட்டர் உயரத்தில் எடை மையமும் உள்ள 1,400 கிலோ வண்டியில், உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்குச் சுமார் 410 கிலோ பாரம் மாறும். டயரின் குணம் என்னவென்றால், அதன் மேல் பாரத்தை இரட்டிப்பாக்கினால் பிடிமானம் இரட்டிப்பாகாது, அதற்குக் குறைவாகத்தான் கூடும். ஆகவே ஒரே அளவு டயரில் கனமான வண்டி வளைவில் கொஞ்சம் மெதுவாகத்தான் போக முடியும். இதை எந்த ரீமேப்பும் மாற்றாது.

ஆனால் நண்பர்கள் கவனிக்காத ஒன்று, கனமான வண்டி பெரும்பாலும் நேரத்தை இழப்பது வளைவுக்குள்ளே அல்ல, வளைவுக்கு முன்னால். ஓட்டுபவர் சின்ன வண்டிக்காரர் பிரேக் போடும் இடத்தில் போடுகிறார். வண்டி நிற்கவில்லை, மூக்கு வெளியே தள்ளுகிறது, ஸ்டீயரிங்கை இன்னும் திருப்புகிறார், முன் டயர்கள் தேய்ந்துகொண்டு நேராகவே போகின்றன. இரண்டு விநாடி அங்கே போயிற்று. அதை ஈடுகட்ட ஆக்சிலரேட்டரை மிதிக்கிறார், முன்சக்கரம் சுழல்கிறது, இன்னும் அரை விநாடி. நூற்றைம்பது குதிரைத்திறன் போதவில்லை என்று நினைத்துப் பட்டறைக்குப் போகிறார். இதை நான் ஆண்டுக்காண்டு பார்க்கிறேன், மனசுக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஏனென்றால் அந்தப் பணத்தில் நான்கு நல்ல டயர் வாங்கியிருக்கலாம்.

கனமான வண்டியில் எல்லாவற்றையும் ஒரு கணம் முன்னதாகச் செய்ய வேண்டும். பிரேக்கை முன்னதாகப் போட்டு முன்னதாக விட வேண்டும். கோனைத் தாண்டிய பிறகு ஸ்டீயரிங்கைத் திருப்பினால் அடுத்த கோனுக்குத் தாமதம், அதற்கடுத்ததற்கு இன்னும் தாமதம், ஐந்தாவது கோனில் வண்டி வெளியே. கோனின் பக்கத்துக்கு வரும்போதே வண்டி அடுத்த பக்கம் திரும்பத் தொடங்கியிருக்க வேண்டும். கண் இரண்டு கோன் தள்ளி இருக்கட்டும். வரிசையின் முதல் கோனுக்குச் சரியான வேகத்தில் போனவர் கடைசிக் கோனில் வேகமாக வெளியேறுவார். டர்போவுக்கும் இதே கணக்குதான். ஆக்சிலரேட்டரை மிதித்ததும் இழுவை வராது, அழுத்தம் ஏறக் கொஞ்சம் நேரம் எடுக்கும். வளைவு முடிந்து மிதித்தால் தேவையில்லாத இடத்தில் இழுக்கும். வளைவின் நடுவிலேயே மெல்ல மிதிக்கத் தொடங்கினால் வெளியேறும்போது இழுவை கையில் இருக்கும். பெரும்பாலான பாதைகளில் முதல் கியரில் கிளம்பி இரண்டாவதுக்குப் போனால் கடைசி வரை இரண்டாவதே போதும்.

இனி வண்டியில் என்ன செய்வது? முதல் வேலை டிக்கியைக் காலி செய்வது. சப்வூஃபர் பெட்டி, ஆம்ப்ளிஃபையர், ஸ்டெப்னி, ஜாக்கி, கருவிப்பை எல்லாம் சேர்த்து 50 கிலோ வரை வரலாம். எடையைவிட அது இருக்கும் இடம் முக்கியம். வண்டியின் நடுவிலிருந்து தள்ளிப்போகப் போக, ஒரு பொருள் வண்டி திரும்புவதற்குக் காட்டும் எதிர்ப்பு தூரத்தின் வர்க்கத்துக்கு ஏற்றபடி கூடும். டிக்கியின் கடைசியில் இருக்கும் 25 கிலோ, சீட்டுக்கடியில் இருக்கும் 25 கிலோவைவிடப் பல மடங்கு வண்டியை மந்தமாக்கும். பெட்ரோலும் எடைதான், லிட்டருக்கு முக்கால் கிலோ. டேங்கை நிரப்பிக்கொண்டு வராதீர்கள். ஆனால் அடியோடு காலியாகவும் வேண்டாம், நீண்ட வளைவில் பெட்ரோல் ஒதுங்கி பம்ப் காற்றை இழுக்கும்.

வெட்டிய ஸ்பிரிங்கைக் கழற்றிவிடுங்கள். இதில் நான் கறாராகச் சொல்கிறேன். மேலே சொன்ன கணக்கிலேயே பாருங்கள். வண்டியை 3 சென்டிமீட்டர் தாழ்த்தினால் மாறும் பாரம் 410-லிருந்து 388 கிலோவாகக் குறையும். லாபம் 22 கிலோ. அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, சக்கரம் மேலே போக இருந்த இடம். பள்ளத்தில் விழும்போது சஸ்பென்ஷன் ரப்பர் கட்டையில் போய் முட்டும். முட்டிய கணத்தில் அந்தச் சக்கரத்தின் பிடிமானம் சட்டென்று போய்விடும். வண்டி முழுவதும் தூக்கும்போது வெட்டிய ஸ்பிரிங் தன் இருக்கையிலிருந்து நழுவவும் செய்யலாம். நம் நாட்டில் ஆட்டோகிராஸ் பெரும்பாலும் மண் தரையில்தான் நடக்கிறது. காலையில் சமமாக இருக்கும் தரை, முப்பது வண்டி ஓடிய பிறகு தடம் விழுந்து குழியாகிவிடும். பழைய முழு ஸ்பிரிங்கும், கசியாத ஷாக் அப்சார்பரும், அடியில் எஞ்சின் பாதுகாப்புத் தகடும் இருந்தால் போதும்.

டயர் விஷயத்தில் மண் தரைக்கும் தார்த் தரைக்கும் வேறுபாடு உண்டு. தாரில் மென்மையான ரப்பர், நல்ல அகலம். மண்ணில் அகலம் எதிரி. அகலமான டயர் மேலே இருக்கும் தளர்ந்த மண்ணில் மிதந்துகொண்டே போகும். குறுகலான, ஆழமான பூ உள்ள டயர் அதைக் கிழித்துக் கெட்டித் தரையைப் பிடிக்கும். உங்கள் 17 அங்குல அலாய் கனமாகவும் இருக்கும், பக்கச் சுவர் குட்டையாக இருப்பதால் குழியில் ரிம்மும் நெளியும். பிரேக் காலிப்பர் இடித்துக்கொள்ளாத மிகச் சிறிய ரிம் எது என்று பாருங்கள், அதில் உயரமான பக்கச்சுவர் டயர் மாட்டுங்கள்.

டயர் காற்றைப் பற்றி ஒரு மலைக்காரக் கணக்கு. காற்றழுத்த மீட்டர் காட்டுவது, டயருக்குள் இருக்கும் அழுத்தத்துக்கும் வெளியே இருக்கும் அழுத்தத்துக்கும் உள்ள வித்தியாசம். கோத்தகிரி கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர், கோவை சுமார் 410. இறங்கினால் வெளிக்காற்றின் அழுத்தம் கூடுவதால் மீட்டரில் 2 பிஎஸ்ஐக்கு மேல் குறைந்து காட்டும். ஆனால் மேலே 15 டிகிரி குளிரில் காற்றடித்துவிட்டு கீழே 32 டிகிரியில் அளந்தால், சூட்டினால் இரண்டரை பிஎஸ்ஐக்கு மேல் ஏறும். இரண்டும் கிட்டத்தட்ட ஈடாகிவிடும். அதனால்தான் ஒருவர் "குறைந்தது" என்பார், இன்னொருவர் "கூடியது" என்பார். இரண்டுமே உண்மைதான். செய்ய வேண்டியது, சொந்த மீட்டர் ஒன்று வைத்துக்கொண்டு, மைதானத்தில் நிழலில் அரை மணி நேரம் வண்டியை நிறுத்திய பிறகு அளப்பது. ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் மறுபடி அளந்து நோட்டில் எழுதுவது. முன்சக்கர இழுவை வண்டி மூக்கை வெளியே தள்ளினால் பின் டயரில் கொஞ்சம் கொஞ்சமாகக் காற்றைக் கூட்டிப் பாருங்கள், பின்பக்கம் சற்று இளகி வண்டி திரும்பத் தொடங்கும். பணம் செலவாகாத சரிசெய்தல் இது, ஆகவே வேறு எதையும் வாங்கும் முன் இதையே செய்யுங்கள். தாரில் ஓடுவதானால் பின்பக்கம் தடிமனான ஆன்ட்டி ரோல் பார் (வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் கம்பி) இதே வேலையை இன்னும் உறுதியாகச் செய்யும். மண்ணில் மிருதுவாக இருப்பதே நல்லது. இறுக்கமான திருப்பத்துக்கு ஹேண்ட் பிரேக் இருக்கிறது, அதன் கேபிள் இரண்டு பக்கமும் சமமாகப் பிடிக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது பிரேக். இதில் மலைக்காரர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். போட்டிக்கு நாம் போகும் வழியே பிரேக்குக்குப் பெரிய சோதனை. கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் வரை ஏறக்குறைய 1,500 மீட்டர் இறக்கம். 1,400 கிலோ வண்டி அவ்வளவு இறங்கும்போது விடும் ஆற்றல், 60 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நூறு முறை நின்றதற்குச் சமம். எஞ்சின் அதில் நல்ல பங்கை வாங்கிக்கொள்ள வேண்டும். இரண்டாவது கியரில் இறங்குங்கள். மூன்றாவதில் உருட்டிக்கொண்டு பிரேக்கில் காலை வைத்தபடியே இறங்கினால் பேட் கண்ணாடிபோல் பளபளத்துப் போய்விடும், மைதானத்தில் முதல் ஓட்டத்திலேயே மிதி கல்லாக இருக்கும், வண்டி நிற்காது. பிரேக் ஆயிலையும் மாற்றிவிடுங்கள். டாட் 4 வகைப் புது பிரேக் ஆயிலின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி இருக்க வேண்டும் என்பது தரம். ஈரம் இழுத்துப் பழசானதற்கு அது 155 வரை இறங்கலாம். நீலகிரியில் இரண்டு பருவமழையும் பனியும் பார்த்த ஆயில் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். கொதித்தால் மிதி தரை வரை போகும். போட்டிக்கு முந்தைய வாரம் மாற்றி, காற்றை முழுவதும் எடுத்துவிடுங்கள்.

எஞ்சினைப் பொறுத்தவரை, கோத்தகிரியில் காற்றழுத்தம் கோவையைவிடச் சுமார் 15 சதவீதம் குறைவு. டர்போ இல்லாத வண்டிகள் ஏறக்குறைய அந்த அளவுக்கு மலையில் சோர்வாகத்தான் இருக்கும், கீழே போனதும் தெம்பாகிவிடும். டர்போ வண்டி மலையிலும் அதே அழுத்தத்தைக் கொடுக்க முயன்று இன்னும் வேகமாகச் சுழல்கிறது. கம்பெனி புரோகிராமில் உயரத்தை அறிந்து டர்போவை அடக்கும் ஏற்பாடு உண்டு. ரீமேப் செய்தவர் அந்த எல்லையைத் தளர்த்தியிருக்கிறாரா என்று கேளுங்கள். தளர்த்தியிருந்தால் நீங்கள் தினமும் ஓட்டும் மலையில்தான் டர்போ தேய்கிறது. பெரிய டர்போ போட்டால் இழுவை இன்னும் தாமதமாக வரும், அது ஆட்டோகிராஸுக்கு நேர் எதிரான மாற்றம். கார்புரேட்டர் ஜிப்ஸி வைத்திருக்கும் உங்கள் நண்பருக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்: மலைக்கேற்பச் சின்ன ஜெட் (கார்புரேட்டரில் பெட்ரோல் போகும் துளை) மாட்டியிருந்தால் கீழே கலவை மெலிந்து எஞ்சின் சூடேறும், இறங்கும் முன் ஜெட்டை மாற்றிக்கொள்ளட்டும்.

எந்த வகுப்பில் ஓடுவீர்கள் என்பதையும் முன்கூட்டியே பாருங்கள். இங்கே வகுப்பு பிரிப்பது பெரும்பாலும் எஞ்சின் சிசியை வைத்து, எடையை வைத்து அல்ல. டர்போ பெட்ரோலுக்கு உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ விதிகளில் 1.7 என்ற பெருக்கு எண் உண்டு. உங்கள் 1,781 சிசி அப்படிக் கணக்கிட்டால் 3,000 சிசியைத் தாண்டிவிடும். நீங்கள் போகும் போட்டியின் விதிப் புத்தகத்தில் இது எப்படி என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். சிசி வரம்பில்லாத ஓபன் வகுப்பில்தான் விழுவீர்கள் என்றால், முதல் ஆண்டு மற்றவர்களின் நேரத்தைப் பார்க்காமல் உங்கள் முதல் ஓட்டத்துக்கும் கடைசி ஓட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். நம் நாட்டில் மோட்டார் பந்தயத்தை நடத்தும் அமைப்பு எஃப்எம்எஸ்சிஐ. அதன் அங்கீகாரம் உள்ள போட்டிக்கு அதன் லைசென்ஸ் வேண்டும். அங்கீகாரம் இல்லாமல் காலி மனையில் நடக்கும் ஓட்டங்களுக்குப் போகாதீர்கள், அங்கே ஆம்புலன்ஸ் நிற்காது. போட்டிக்கு முன் நடக்கும் வண்டிப் பரிசோதனையான ஸ்க்ரூட்டினியில் ஹெல்மெட், சீட் பெல்ட், பேட்டரியின் பிடிப்பு, இழுவைக் கொக்கி, ஆயில் கசிவு எல்லாம் பார்ப்பார்கள்.

இன்ஷூரன்ஸ் பற்றி யாரும் சொல்வதில்லை. சாதாரணத் தனியார் கார் பாலிசி, ஏற்பாடு செய்யப்பட்ட பந்தயத்தையும் வேகச் சோதனையையும் விலக்கி வைத்திருக்கும். மைதானத்தில் எது நடந்தாலும் செலவு உங்களுடையது. பதிவுச் சான்றிதழில் இல்லாத மாற்றங்கள் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவில் மாட்டும் என்பதும் நினைவிருக்கட்டும். தினமும் வேலைக்குப் போகும் ஒரே வண்டி இதுதான் என்றால் இன்னும் யோசித்து இறங்குங்கள்.

ஸ்கார்ப்பியோ, தார், பொலேரோ வைத்திருக்கும் சிலரும் இதே கேள்வியைக் கேட்பார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். கனம் வேறு, உயரம் வேறு. இடது வலது சக்கரங்களுக்கு இடையிலான அகலத்தை எடை மையத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கால் வகுத்தால் ஒரு எண் வரும். சாதாரணக் கார்களுக்கு அது 1.3 முதல் 1.5 வரை, உயரமான வண்டிகளுக்கு 1.0 முதல் 1.3 வரை. எண் சிறிதாகச் சிறிதாக, நல்ல பிடிமானமுள்ள தாரில் சறுக்குவதற்குப் பதில் கவிழும் வாய்ப்பு கூடும். அவர்கள் எஸ்யூவி வகுப்பு தனியாக இருக்கும் மண் தரைப் போட்டிக்கு மட்டும் போகட்டும். உங்கள் ஆக்டேவியாவுக்கு இந்தப் பயம் வேண்டாம்.

பயிற்சிக்கு என்ன செய்வது? மலையில் சமதரை கிடைப்பது கஷ்டம் என்பது எனக்கும் தெரியும். புல்வெளியில் ஏற்றாதீர்கள், அந்தச் சோலைப் புல்வெளிதான் நம் ஓடைகளுக்கு நீர். மேட்டுப்பாளையம், காரமடைப் பக்கம் உரிமையாளரின் அனுமதியோடு ஒரு காலி நிலம் கிடைத்தால், நூறு மீட்டர் நீளம் போதும். ஐந்து கோன், 15 மீட்டர் இடைவெளி, 30 கிலோமீட்டர் வேகம். வேகத்தைக் கூட்டாமல் ஸ்டீயரிங்கை எப்போது திருப்புவது என்பதை மட்டும் பழகுங்கள். பணம் சேர்ந்தால் செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வேயில் ஓட்டப் பயிற்சி நாள் வரும்போது போகலாம். பாதை 2.1 கிலோமீட்டர், ஆட்டோகிராஸ் இல்லைதான், ஆனாலும் பிரேக்கை எங்கே விடுவது என்பது அங்கே காலுக்குப் புரியும்.

போட்டி நாளில் நடந்து பார்க்க நேரம் கொடுப்பார்கள். அரட்டை அடிக்காமல் மூன்று சுற்றாவது தனியாக நடங்கள். எந்தக் கோனுக்கு முன்னால் பிரேக்கை விட வேண்டும் என்பதை ஒவ்வொன்றாக மனதில் குறித்துக்கொண்டு, கண்ணை மூடி முழுப் பாதையையும் சொல்லிப் பாருங்கள். ஓட்டம் முடிந்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல் ஓரிரு நிமிடம் ஐடிலில் விடுங்கள், டர்போவின் ஆயில் கருகாது.

முதல் போட்டி முடிந்ததும் டயர் காற்றின் அளவுகளையும் ஒவ்வொரு ஓட்டத்தின் நேரத்தையும் அனுப்புங்கள். எந்த இடத்தில் மூக்கு வெளியே தள்ளியது என்பதையும் எழுதுங்கள். ஸ்பிரிங்கின் கடினம், முன்சக்கரச் சாய்வு பற்றியெல்லாம் அந்த எண்களைப் பார்த்துவிட்டுப் பேசுவோம்.